குனியன் காற்றிடம் கேட்டது

2025 மார்ச் 3, திங்கள்

விடியவே மழை. இந்த மாதத்தில் இப்படி ஒரு மழையை யார் கேட்டது? இறக்கக்கண்டியில் காயப்போட்ட நெத்தலி பாதி நனைந்துவிட்டது. மிச்சத்தை முனாப் நானா படங்கு போட்டு மூடிக் காப்பாற்றினார். லொறி ஓட்டுகிறது மட்டும்தான் அவருடைய வேலை, ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு அந்த மனுசன் மணலில் அவ்வளவு ஓடினாராம். நான் போயிருக்க வேண்டும். போக ஏலாது. இவருக்கு இன்று கிளினிக்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் பாரிசவாதம் வந்து இவருடைய வலது பக்கம் விழுந்தது. கால் பரவாயில்லை, பிடித்தால் நடக்கிறார். கை இன்னும் ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது. பேச்சு போய்விட்டது. ஒரு சொல்தான் மிச்சம். "ஓம்."

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு புதுப்பிள்ளை, றுஷ்தா மிஸ், ஊர் கிண்ணியா. இவரைப் பார்த்து, "சிவரூபன் ஐயா, காலமை என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்டா. இவர் வாயைத் திறந்தார். நான் "இடியப்பம்" என்றேன். ஆரோட வந்தீங்கள்? "என்னோட." எங்க வேலை செய்தனீங்கள்? "சீனன்குடாவில, ஸ்டோர் கிளாக்கர், முப்பது வருஷம்."

பிள்ளை பேனையை மேசையில் வைத்தா.

"அன்ரி, உங்களுக்குக் கதை நல்லா வருது. உங்களுக்கு வைத்தியம் தேவையில்லை."

முகம் சுட்டது. என் மகள் லதுசாவின் வயதுதான் இருக்கும். வெளியே வரும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா: பேச்சு திரும்பி வர முதல் ஆறு மாதம்தான் நல்ல காலம், அதில் ஒன்றரை மாதம் போய்விட்டது. கேளுங்கள், கேட்டுவிட்டுப் பொறுங்கள், அவர் தேடட்டும். நீங்கள் சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் தேடுவதையே விட்டுவிடுவார். இன்னொன்றும் சொன்னா. இவர் சொல்லும் ஓம், சம்மதம் சொல்லுகிற ஓம் இல்லையாம். வருகிற ஒரே சொல் அதுதான் என்பதால் வருகிறதாம்.

ஆறு மாதம் என்றால் யூலை நடுவில். 

மார்ச் 5, புதன்

இன்று எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து பகல்வரை இவருக்குப் பதிலாக நான் சொன்ன பதில் பதினேழு. பால்காரருக்கு, பக்கத்து வீட்டுக்கு, மட்டக்களப்பிலிருந்து லதுசா எடுத்த போனுக்கு. "அப்பா எப்படி இருக்கிறீங்கள்?" என்று பிள்ளை கேட்க, "நல்லா இருக்கிறார்" என்று நான்.

மார்ச் 12, புதன்

கடற்கரையில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. வாய் திறவாத மலரக்கா. விலை பேசும்போது நான் கதைக்க மாட்டேன். படகுக்காரச் சம்மாட்டி ஒரு விலை சொல்லுவார். நான் மீனைப் பார்ப்பேன், கடலைப் பார்ப்பேன், சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைப்பேன். அந்த மௌனத்தைத் தாங்க ஏலாமல் மனுசன் தானாகவே இறங்கி வருவார். முதலில் வாய் திறக்கிறவன் தோற்பான். தலையில் கருவாட்டுக் கடகம் சுமந்த காலத்தில் படித்தது, இன்று உட்துறைமுக வீதியில் சொந்த ஸ்டோர் வைத்திருக்கிறேன் என்றால் அதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் எனக்கா பொறுக்கத் தெரியாது?

இன்று கதிரையை இழுத்து இவருக்கு நேரே போட்டு இருந்தேன். "பகலுக்கு என்ன கறி வைக்க?" என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டேன். கடற்கரையில் இருப்பது போலவே இருந்தேன்.

இவர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார். நான் அசையவில்லை. நெற்றி வேர்த்தது. "ஓம். ஓம்." நான் அசையேல்லை. பிறகு இடது கையால கதிரைப் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஓம் ஓம் ஓம் எண்டு — விலை இறக்கிற சம்மாட்டி மாதிரி. கண் நிறைஞ்சு போச்சு.

எழும்பிப் போய்க் குசினியில நிண்டன். என்ன வேலை செய்தனான் நான்? சுகமில்லாத மனுசனோட பேரம் பேசியிருக்கிறன்.

மார்ச் 13

சூடைமீன் கறி வைத்தேன். நானே முடிவெடுத்ததுதான். சாப்பிட்டார்.

மார்ச் 20, வியாழன்

இவருக்கு விருப்பமானதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்கிறா றுஷ்தா மிஸ். ஐயாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டா. நான் யோசிக்க வேண்டி வந்தது. வெட்கமாக இருந்தது.

மந்திரவாதிக் கதைகள். சீனன்குடா பஸ்ஸில் போகவும் வரவும் அதைத்தான் வாசிப்பார். தானும் எழுதினார், அது எனக்குத் தெரியும். இன்று அலுமாரியின் கீழ்த்தட்டைத் துழாவினால் பழைய றெயின்கோட்டுக்குள் சுற்றி மூன்று சீ.ஆர். கொப்பிகள்.

லதுசா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் முதல் கொப்பியைக் கொண்டுவந்து, "மலர், ஒருக்கா வாசிச்சுப் பாரன்" என்றார். நான் கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். "இது விக்குமோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு காட்டவில்லை.

இது என் சொந்தப் புத்தகம், இதில் பொய் எழுதி என்ன வரப்போகிறது? விற்குமோ என்று கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏழாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. நான் எழுதியதை நான் வாசிப்பேன். மற்றவரின் எழுத்தை, அதுவும் உரக்க என்றால், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டுவேன். கடையில் கடிதம் வந்தால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். இவருக்குமே அது முழுதாகத் தெரியாது. தெரிய விடவில்லை.

மார்ச் 24, திங்கள்

தொடங்கிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு.

ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். இவருடைய எழுத்து வடிவானது, என் நாக்குத்தான் தடுக்குகிறது. தடுக்கும் இடத்தில் இவருடைய இடது விரல் வந்து அந்தச் சொல்லுக்குக் கீழே நிற்கிறது. நான் திரும்ப வாசிக்கிறேன். சரியென்றால் விரல் நகர்கிறது. ஒருதரமும் முகம் சுளிக்கவில்லை.

கதை ஒரு துறைமுகத்தில் நடக்கிறது. எங்கள் துறைமுகம்தான், பெயர்தான் வேறு. அங்கே ஏழு மந்திரவாதிகள். காற்றை, அலையை, நெருப்பை ஏவுகிறவர்கள். ஒவ்வொரு தரம் ஏவும்போதும் அவர்களுடைய நிழல் கொஞ்சம் கனத்துப் போகும். எல்லாருக்கும் பெரியவருடைய நிழலைப் பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் சனம் வழிவிடும்.

அவர்களுடைய விளக்குகளைத் துடைக்கிறவன் ஒருத்தன். எப்போதும் தலை குனிந்திருப்பதால் குனியன் என்று கூப்பிடுகிறார்கள். தலை தாழ்ந்திருப்பதால் தாழ இருப்பதெல்லாம் அவனோடுதான் கதைக்கும் — எறும்பு, வேர், தோணியின் அடிப்பலகை. அவனும் மந்திரவாதிதான், ஆனால் ஏவ மாட்டான். கேட்பான். "உனக்கு ஏலுமெண்டால் செய், ஏலாட்டி விடு" என்பான். பிறகு பொறுத்திருப்பான். அவனிடம் உள்ள மந்திரம் முழுக்க அவ்வளவுதான்.

நான் இவரைப் பார்த்துச் சொன்னேன்: "இஞ்சருங்கோ, இப்படி ஒருத்தனைக் கடற்கரையில விட்டால் பின்னேரத்துக்குள்ள கோவணத்தையும் உருவிப்போடுவாங்கள்."

சிரித்தார். பாதி முகம்தான் சிரிக்கிறது. பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். முனாப் நானா வட்டிலப்பத்தோடு வந்தார். இவருக்குப் பக்கத்தில் இருந்து, "மச்சான், இனிப்புக் காணுமா?" என்று கேட்டார். "காணும் நானா, சீனி வருத்தம் இருக்கு அவருக்கு" என்றேன் நான்.

நானா என்னைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துச் சொன்னார்: "மச்சான்ட வாயை எடுத்தது பாரிசவாதமில்ல. அது கலியாண நாளிலயே போன சாமான்."

எல்லாரும் சிரித்தோம். இவரும்தான். நானும்தான்.

நானா போன பிறகு சட்டி கழுவிக்கொண்டு நிண்டன். சிரிப்பு நிண்டுபோச்சு. முப்பத்தொரு வருஷமா இந்த வீட்டில "ஓம்" தவிர வேற என்ன சொல்ல விட்டனான் அவரை? லதுசாவின்ர பள்ளிக்கூடம், காணி, முன்பக்கத்துப் பெயின்ற் — எல்லாம் நான் சொன்னனான், அவர் ஓம் எண்டவர். அந்த ஓமும் ஓம்தானோ?

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று வாசித்தது என்னைப் பிடித்து உலுப்பிவிட்டது.

ஏழு பேரில் ஒருத்தன் மாகோளன், கெட்டிக்காரன். குனியன் கேட்டால் கடல் தருவதை ஒளிந்திருந்து பார்க்கிறான். ஓ, இவ்வளவுதானா வித்தை என்று கரைக்குப் போய் நெற்றி மணலில் படக் குனிந்து, தேன் மாதிரிக் குரலில் கேட்கிறான். கடல் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய நிழலைப் பார்த்தது. உடம்பு குனிந்து கிடக்கிறது, நிழல் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு அலை வந்து அவனைப் புரட்டி எடுத்துக் கருங்கல்லில் போட்டது.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிப் போனது.

நானும்தானே குனிகிறேன்? சம்மாட்டிக்கு முன்னால், கச்சேரிக் கந்தோர் அதிகாரிக்கு முன்னால், கொழும்பு முதலாளிக்கு முன்னால். நல்லாகக் குனிவேன். எனக்குத் தேவையானது கைக்கு வரும்வரை குனிவேன். போன மாதம் பன்னிரண்டாம் திகதி கையைக் கட்டிக்கொண்டு இவருக்கு முன்னால் இருந்ததும் அதுதானே.

கொப்பியை மூடிவிட்டுக் கேட்டேன். "மாகோளன் நானோ?"

"ஓம்" என்றார்.

அந்த ஓமைக் கணக்கெடுக்கத் தேவையில்லை என்று றுஷ்தா மிஸ் சொல்லியிருக்கிறா. இருந்தாலும்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மருத்துநீர் வைத்துக் குளிக்க வார்த்தேன். புது வேட்டி. சொல் வரவில்லை.

மே 6, செவ்வாய்

மூன்றாவது கொப்பியில் எழுதியிருந்தது முடிந்துவிட்டது. கதை முடியவில்லை!

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல், நாற்பது சனம். காற்று வெறிபிடித்து அடிக்கிறது. ஏழு மந்திரவாதிகளும் வரிசையாக நின்று ஏவுகிறார்கள், ஏவ ஏவக் காற்றுக்குக் கோபம் கூடுகிறது. நிழல் கனத்து ஒருத்தருக்கும் நகர ஏலாது. கடைசியில் விளக்குத் துடைக்கிறவனைக் கூப்பிடு என்கிறார்கள். குனியன் வருகிறான். செருப்பைக் கழற்றுகிறான். "எனக்கு வழி தெரியாது. உனக்குத் தெரிஞ்சால் சொல்லு" என்கிறான். பொறுக்கிறான்.

அடுத்த வரி: "காற்று சொன்னது —"

அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள். பொங்கலுக்கு முதல் கிழமை எழுதினது போல.

"காத்து என்ன சொன்னது?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். வாய் எதையோ தேடியது. இடது கையைத் தூக்கினார், பிறகு விட்டுவிட்டார்.

மே 7, புதன்

இருப்புக்கொள்ளவில்லை. கடையிலும் அதே நினைவு. மத்தியானம் வந்து நானே முடிவு கட்டினேன். குனியன் நிமிர்ந்து நிற்கிறான், இத்தனை நாளும் சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் ஒரே ஏவலில் விடுகிறான், காற்று அடங்குகிறது, கப்பல் வருகிறது, ஏழு பேரும் அவன் காலில் விழுகிறார்கள், அவன் தலைவன். நல்ல முடிவுதானே? இது விற்கும்.

"இல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு ஒருத்தரும் இல்லை.

"இல்லை" என்றார் திரும்பவும். கோபத்தோடு. முகம் சிவந்து.

இல்லை! முப்பத்தொரு வருடத்தில் இந்த மனுசன் எனக்குச் சொன்ன முதல் இல்லை. போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன்.

மே 8

றுஷ்தா மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மற்றப் பக்கத்தில் அந்தப் பிள்ளை அழுத மாதிரி இருந்தது. "இனி அவர் சொல்ற ஓமும் ஓம்தான் அன்ரி" என்றா.

யூன் 3, செவ்வாய்

சாப்பிடுறீங்களா, இல்லை. குளிக்கிறீங்களா, இல்லை. லதுசாவோடு கதைக்கிறீங்களா, ஓம். முன்பக்கத்துப் பச்சைப் பெயின்ற் விருப்பமோ என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இல்லை."

ஒன்பது வருடமாக அந்தப் பச்சைக்குள்தான் இருக்கிறார்.

யூன் 19, வியாழன்

இண்டைக்கு நான் செய்தது பிழை.

ரெண்டு சொல்லுக்கு மேல வரேல்ல. நாள் போகுது. இன்னும் நாலு கிழமைகூட இல்லை. காலமை தொடக்கம் கடற்கரையில கரைச்சல், வெயில், எல்லாம் தலைக்குள்ள. வந்ததும் கொப்பியை எடுத்து மடியில போட்டன். "காத்து என்ன சொன்னது? சொல்லுங்கோ. முயற்சி செய்யுங்கோ. சொல்லுங்கோ எண்டு சொல்லுறன்."

சொல்லு, சொல்லு, சொல்லு. எத்தினை தரம் கத்தினனோ தெரியாது.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யூன் 22

இன்னும் சுவர்ப் பக்கம்தான். இல்லையும் இல்லை, ஓமும் இல்லை. 

யூன் 25, புதன்

மன்னிப்புக் கேட்டேன். வியாபாரத்தில் நூறு தரம் கேட்டிருக்கிறேன், சரக்குப் பழுதானால், லொறி பிந்தினால். அதெல்லாம் வாயால் கேட்டது. இன்று கேட்கும்போது அடுத்து என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. இடது கையை எடுத்து என் தலையில் வைத்தார். தானாக வைத்தாரா, வைக்கப் போய் விழுந்ததா தெரியாது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

கொப்பியை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

யூலை 15, செவ்வாய்

ஆறு மாதம்.

கிளினிக்கில் றுஷ்தா மிஸ் தாளை நிரப்பினா. சொற்கள்: இரண்டு. நான் கேட்காமலே சொன்னா, ஆறு மாதம் என்பது கதவு சாத்துகிற நேரமில்லை அன்ரி, வேகம் குறைகிற நேரம் என்று. அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு. விலை போகாத சரக்கை நானும் இப்படித்தான் கதைத்துக் கொடுப்பேன்.

முச்சக்கரவண்டியில் திரும்பும்போது துறைமுகம் பளபளவென்று கிடந்தது. கச்சான் காற்று. இவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். இப்படியே இருந்தாலும் சரி என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ரெண்டு சொல்லோடு ஒரு மனுசன் வாழ ஏலாதா? ஓமும் இல்லையும் இருந்தால் எவ்வளவோ நடத்தலாம்.

யூலை 23, புதன்

இதை ஆறுதலாக எழுத வேண்டும்.

பின்னேரம் இவரை முற்றத்தில் வேப்பமரத்தடியில் கதிரையில் இருத்திவிட்டுக் கால் நகம் வெட்டினேன். வலது கால் நகம் தடித்துப் போயிருக்கிறது. சுடுதண்ணியில் ஊறவைத்து, நான் கீழே பலகைக்கட்டையில் குந்தி, காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு. நல்லாகக் குனிந்தால்தான் தெரியும், சதையோடு வெட்டிவிடுவேனோ என்ற பயம் வேறு. இவருக்கு அந்தக் காலில் நோவு தெரியாது. அதனால் நான்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. வேப்பஞ்சருகு வந்து சட்டித் தண்ணிக்குள் விழுந்தது.

எதையும் நினைத்துக் கேட்கவில்லை. "அந்தக் காத்து என்னதான் சொல்லியிருக்கும்?" என்றேன். இவரிடம் கேட்டேனா, சருகிடம் கேட்டேனா தெரியாது. பெருவிரலை முடித்து அடுத்த விரலுக்குப் போனேன்.

தலைக்கு மேலே ஒரு சத்தம். "என்..."

நிமிரவில்லை. நிமிர்ந்தால் என் கண்ணைப் பார்ப்பார், என் அவசரத்தைப் பார்ப்பார். வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"என்... னட்டை."

இரண்டாவது விரல். மூன்றாவது விரல்.

அடுத்த சொல் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆ... ஆரும்."

நாலாவது விரல். சின்ன விரல். வலது கால் முடிந்துவிட்டது. இடது காலை எடுத்து மடியில் வைத்தேன். அது சுகமான கால், அதன் நகத்தை நேற்றே வெட்டியாயிற்று. இருந்தாலும் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். கழுத்து நொந்தது.

எவ்வளவு நேரமென்று தெரியாது. சட்டித் தண்ணி ஆறிவிட்டது.

"கேக்... கேக்கேல்லை."

என்னட்டை ஆரும் கேக்கேல்லை.

காற்று சொன்னது அதுதான்.

யூலை 24

நேற்றுக்குப் பிறகு சொல் இல்லை. பரவாயில்லை. கொப்பியை வெளியே எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் கொப்பியைத் திறந்து, "அந்த வரியை நான் எழுதட்டோ? என்ர எழுத்து வடிவில்லை" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு கொத்து முழுக்க உருவி முடிய, "ஓம்" என்றார். எழுதினேன். இவருடைய எழுத்துக்குக் கீழே என்னுடையது நண்டு நடந்த மாதிரி இருக்கிறது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். திருத்தினேன்.

பிறகு இன்னொரு வரி வந்தது. அதற்கு ஒரு மணித்தியாலம். "குனியன் மணலில் இருந்தான்." அவ்வளவுதான் இன்றைக்கு.

வாசலில் முனாப் நானா லொறியை நிற்பாட்டி ஹோன் அடித்தார். பிறகு தானே உள்ளே எட்டிப் பார்த்தார். குனியன் கதையை அவருக்கும் சொல்லியிருக்கிறேன். "என்ன தங்கச்சி, இறக்கக்கண்டியில எல்லாரும் நம்மளத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கப்பல் வந்துட்டா?"

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இவரைப் பார்த்தேன்.

நானாவும் அப்போதுதான் விளங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாசல் படியில் இருந்தார். லொறி இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய் அதை நிற்பாட்டிவிட்டு வந்து திரும்பவும் இருந்தார்.

"இ... இல்லை" என்றார் இவர். "இன்... னும்."

அந்த நாற்பது சனமும் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள். நிற்கட்டும். அவசரமில்லை.